ஒன்பது கேள்விகளும் ஒரே கோடும்

அந்தத் தாளின் நகல் ஒன்று என் மேஜையின் இரண்டாவது இழுப்பறையில் கிடக்கிறது. அசல், ஆராய்ச்சிக் கோப்புகளோடு அலமாரியில் பூட்டியிருக்கிறது. நகல் எடுத்து வைத்துக்கொள் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் எடுத்து வைத்துக்கொண்டேன். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் எண். அதற்குக் கீழே ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் போனதா என்று தொடங்கி, தூக்கம், பசி, களைப்பு என்று வரிசையாக இறங்கி, இருப்பதைவிட இல்லாமல் போவதே மேல் என்று தோன்றியதா என்று ஒன்பதாவது கேள்வியில் முடியும். ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு கட்டங்கள். முதல் கட்டத்தின் தலைப்பு 'இல்லவே இல்லை'. கடைசிக் கட்டம் 'ஏறக்குறைய தினமும்'. ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு, பதில் வாங்கி, டிக் அடிக்க வேண்டும். என்னிடம் இருக்கும் தாளில் ஒரு டிக் கூடக் கிடையாது. 'இல்லவே இல்லை' என்ற வரிசையில் மேலிருந்து கீழே நீலப் பேனாவால் இழுத்த ஒரே கோடு. ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல அத்தனை நேர். அந்தக் கோட்டைப் போட்டது நான்தான்.

மயிலாப்பூரில் ஒரு தனியார் மருத்துவக் கட்டிடத்தின் மூன்றாவது மாடியில் மூளை அலைகளைப் பதிவு செய்வது என் வேலை. இருபது வருடமாக இதே அறை, இதே சாய்வு நாற்காலி. "நான் என்ன நினைக்கிறேன்னு இதுல தெரிஞ்சிடுமா?" என்று கேட்காத ஆளே கிடையாது. தெரியாது. தலையில் எண்ணெய் வைத்திருக்கிறீர்களா இல்லையா என்பது மட்டும் தெரியும். முதல் நாளே போனில் படித்துப் படித்துச் சொல்லுவேன், தலைக்குக் குளித்துவிட்டு எண்ணெய் வைக்காமல் வாருங்கள் என்று. அப்படியும் மாடவீதி மாமிகள் பளபளவென்று எண்ணெய் வடிய வந்து, "வெள்ளிக்கிழமையும் அதுவுமா எண்ணெய் வைக்காம எப்படிடீ இருக்கறது?" என்று என்னையே திருப்பிக் கேட்பார்கள். எண்ணெய் இருந்தால் அலை ஒழுங்காக வராது. என் பதிவில் அழுக்கு இருந்தால் எனக்குப் பொறுக்காது. இந்த ஊரில் என் கைப் பதிவைப்போல் சுத்தமான பதிவு கிடையாது என்று டாக்டர்கள் சொல்லச் சொல்ல எனக்குத் தலைக்கனம் ஏறிப் போயிருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் கட்டிடத்து லிஃப்ட் பழையது. இரும்புக் கதவை இழுத்து மூடினால்தான் நகரும். அதற்குள் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவரை நாங்கள் எல்லோரும் லிஃப்ட் அண்ணன் என்போம். இது நடந்தபோது அவருக்கு ஐம்பத்தாறு வயது இருக்கும். வீடு கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டில். மகளைப் பாலவாக்கத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். நான் நர்ஸ் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் வெள்ளைக் கோட்டு போட்ட எந்தப் பெண்ணும் அவருக்கு சிஸ்டர்தான். நோயாளிகள் பயத்தோடு ஏறுவார்கள். அவர் கதவை இழுத்து மூடிவிட்டு அறிவிப்பார்: "ரெண்டாவது மாடி பல்லு, மூணாவது மாடி மூள. மூள இல்லாதவங்கல்லாம் பல்லக் காட்டிக்கினு ரெண்டாவதுலயே எறங்கிக்கலாம்." வலிப்பு வந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய்கூடச் சிரித்துவிடுவாள். சிரித்த முகத்தோடு என் அறைக்குள் வருகிற நோயாளிக்குப் பதிவு நன்றாக வரும். அந்த வகையில் என் வேலையில் பாதியை அவர்தான் செய்துகொண்டிருந்தார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் மாடிக்கு ஓர் ஆராய்ச்சி வந்தது. நடத்தியவர் ஓர் இளம் டாக்டர். என்னைவிடப் பத்து வயது சின்னவர், என்னை அக்கா என்பார். மனச்சோர்வு உள்ளவர்களின் மூளையில் எந்த இடத்து அலை எந்த இடத்து அலையோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று பார்ப்பது அவர் வேலை. எனக்குப் புரியவைக்க அவர் ஏதேதோ சொன்னார். நான் என் வழியில் புரிந்துகொண்டேன். எங்கள் பழைய அடுக்குமாடியில் கீழ் வீட்டில் மோட்டார் போட்டால் எங்கள் வீட்டு விளக்கு ஒரு கணம் மங்கும். அதை வைத்தே இரண்டு வீட்டுக்கும் ஒரே ஒயர் என்று தெரிந்துகொள்ளலாம் அல்லவா, அந்த மாதிரி. கம்ப்யூட்டர் ஒரு தலையின் படத்தை வரைந்து, சேர்ந்து அசைகிற இடங்களுக்கு நடுவே கோடு இழுக்கும். சோர்வு பிடித்தவர்களின் படத்தில் சில இடங்கள் தேவைக்கு மேல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும், வேறு சில இடங்கள் தொடர்பு அறுந்ததுபோல நிற்கும் என்றார் டாக்டர்.

ஒப்பிட்டுப் பார்க்க நல்ல மனநிலையில் இருக்கும் ஆட்களும் வேண்டும். அதற்கு ஆள் பிடிப்பது என் தலையில் விழுந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய ஆண் ஒருவர் குறைந்தார். நான் யோசிக்கவே இல்லை. இந்தக் கட்டிடத்திலேயே சந்தோஷமான மனிதர் யார்? அதுவும் தலையில் ஒரு முடி கிடையாது, எண்ணெய்த் தொல்லையும் இல்லை. லிஃப்டிலேயே கேட்டேன். எதற்குக் கூப்பிட்டாலும், "நம்ம ஸ்டூல விட்டு எங்க வர்றது" என்று நழுவுகிறவர், அன்றைக்கு நான் கொடுத்த விவரத் தாளை முழுசாகப் படித்தார்.

"இதுல கேள்வியெல்லாம் கேப்பாங்கன்னு போட்டுகீது. கேப்பியா சிஸ்டர்?"

"ஆமாண்ணே, சும்மா ஒம்போது கேள்வி."

"நிச்சயமா கேப்பியா?"

பரீட்சைக்குப் பயப்படும் பிள்ளைபோலக் கேட்கிறார் என்று நினைத்து, "ஃபெயில் எல்லாம் போட மாட்டோம், வாங்கண்ணே" என்றேன்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வந்தார். சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். அவரை ஸ்டூல் இல்லாமல், காக்கி இல்லாமல் பார்ப்பது புதிதாக இருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் போட்டார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டார். ஒன்பது கேள்வித் தாளை நான் எடுத்ததும் அவர் கண் அதிலேயே நின்றது. அன்றைக்கு வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள். நான் தாளைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன், சிரித்தேன். "உங்களுக்கு என்னண்ணே, எல்லாம் 'இல்லவே இல்லை'தானே!" என்று சொல்லிக்கொண்டே மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்துவிட்டேன். அவசரத்தில் நாங்கள் எல்லோரும் செய்கிற வேலைதான் அது. சர்க்கரை உண்டா, ரத்தக்கொதிப்பு உண்டா என்று நீளும் படிவங்களில் ஆரோக்கியமான ஆள் என்று தெரிந்தால் ஒரே கோடு. அவர் அந்தக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்தார். "கேள்வியே கேக்காம பாஸ் போட்ட ஒரே பரீச்ச இதான் சிஸ்டர்" என்றார். நானும் சிரித்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அலை பிடிக்கும் லீட்கள் பதித்த தொப்பியைத் தலையில் மாட்டினேன். ஜெல் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருக்கச் சொன்னேன். இரண்டு நிமிடம் போயிருக்கும். "கண்ண மூடினா சத்தம் ஜாஸ்தியாவுது சிஸ்டர்" என்றார். ஏ.சி. சத்தத்தைச் சொல்கிறார் என்று நினைத்தேன். "பேசாதீங்கண்ணே, அலை கெட்டுடும்" என்று அதட்டினேன். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் நெற்றிப் பக்கத்துக் கோடுகள் மெதுவாகப் பெரிதாக அலைந்தன. கண் இமைக்குப் பின்னால் ஏதாவது நடந்தால் அப்படி வரும். நான் கணினியில் 'கண் அசைவு, இந்தப் பகுதியைக் கணக்கில் கொள்ள வேண்டாம்' என்று குறித்தேன். எழுந்துபோய்ப் பார்த்தபோது கன்னம் நனைந்திருந்தது. "ஏ.சி. போட்டும் வேர்க்குதே உங்களுக்கு" என்று சொல்லிப் பஞ்சால் துடைத்துவிட்டேன். நெற்றி காய்ந்திருந்தது. அதை என் கண் பார்த்தது, மனசு பார்க்கவில்லை.

அதன் பிறகு லிஃப்டில் ஏதோ மாறியது. மாறியது என்று இப்போது சொல்கிறேன். அப்போது எனக்கு அது எரிச்சலாக மட்டுமே இருந்தது. மத்தியான வேளையில் லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே நின்றுவிடும். மணியை அழுத்தி அழுத்திக் கை வலிக்கும். ஐந்து நிமிடம், சில நாள் பத்து நிமிடம் கழித்து அதுவாகவே கிளம்பி வரும். கதவைத் திறந்து, "கரண்ட்டு பேஜார் பண்ணுது சிஸ்டர்" என்பார். மற்ற எல்லா இடத்திலும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். ஸ்டூலில் போட்டிருந்த பஞ்சு மெத்தையை ஒருநாள் வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிட்டார். போனில் எப்போதும் மெல்ல ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு நின்றுபோனது. அறிவிப்பு மட்டும் நிற்கவில்லை. "மூணாவது மாடி மூள" என்று அதே ராகத்தில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். அந்தக் குரல் கேட்கிற வரை எல்லாம் சரியாக இருக்கிறது என்று கட்டிடமே நினைத்துக்கொண்டிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை டாக்டர் என்னைக் கணினி முன்னால் கூப்பிட்டார். திரையில் நிறையப் புள்ளிகள். சோர்வு உள்ளவர்கள் சிவப்பு, மற்றவர்கள் பச்சை. சிவப்பு ஒரு பக்கமாகவும் பச்சை ஒரு பக்கமாகவும், நடுவில் கொஞ்சம் கலந்தும் இருந்தன. சிவப்புக் கூட்டத்தின் நட்ட நடுவே ஒரே ஒரு பச்சைப் புள்ளி. அதன்மேல் அம்புக்குறியை வைத்ததும் எண் தெரிந்தது. எனக்கு அந்த எண் தெரியும்.

"இந்த ஒருத்தர் மட்டும் ஏன்க்கா இப்படி? லீட் ஏதாவது சரியா ஒட்டலியா?"

"என் பதிவுல அந்தத் தப்பு வராது டாக்டர்." கோபமாகவே சொன்னேன்.

"சரி. ஃபார்ம் எல்லாம் ஒழுங்கா கேட்டுத்தானே நிரப்பினீங்க?"

அந்தக் கோடு கண் முன்னால் வந்து நின்றது. உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு மூச்சு நேரம் இருந்தது. "கேக்காம எப்படி டாக்டர்?" என்றேன்.

தனி ஒருவரின் படத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது, கூட்டத்தைப் பற்றித்தான் இது பேசும், எப்போதும் ஒன்றிரண்டு இப்படி விலகி நிற்கும் என்றார் டாக்டர். அதுவும் உண்மைதான். புள்ளியை ஒருமுறை தட்டினார். அது திரையை விட்டுப் போய்விட்டது. அதே நேரத்தில் வெளியே இரும்புக் கதவு இழுபடும் சத்தமும், "மூணாவது மாடி மூள!" என்ற குரலும், யாரோ சிரிப்பதும் கேட்டன.

அன்று சாயங்காலமே அண்ணனிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கத்தான் லிஃப்டில் ஏறினேன். உள்ளே சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர் இருந்தார். மறுநாள் பல் டாக்டரிடம் வந்த ஒரு குடும்பமே இருந்தது. அதற்கு மறுநாள் அண்ணன் மட்டும்தான் இருந்தார். மூன்று மாடி இறங்க எவ்வளவு நேரம் ஆகும்? அந்த நேரத்துக்குள் ஒரு மனிதனிடம், அண்ணே, செத்துப் போகலாம் என்று தோன்றுகிறதா என்று எப்படிக் கேட்பது? அவரோ சிரித்த முகமாக இருந்தார். கேட்டு, அவர் சிரித்துவிட்டால்? ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தால்? உண்மையைச் சொன்னால், என் பயம் அவர் சிரித்துவிடுவாரோ என்பதுகூட இல்லை. அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால் என் கோடு வெளியே வந்துவிடும் என்கிற பயம். "என்னண்ணே, சாப்டாச்சா?" என்று கேட்டேன். "ஆச்சு சிஸ்டர்" என்றார். நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று இறங்கி வீட்டுக்குப் போனேன்.

அடுத்த புதன்கிழமை மத்தியானம் லிஃப்ட் நடுவில் நின்றது. பத்து நிமிடம் ஆயிற்று, இருபது ஆயிற்று. மணி அடித்தோம், கூப்பிட்டோம், பதில் இல்லை. மேனேஜர் மெக்கானிக்குக்குப் போன் செய்தார். மூன்றாவது மாடிக் கதவின் கம்பி இடுக்கு வழியாகக் கீழே பார்த்தேன். லிஃப்டின் கூரை மட்டும் இருட்டில் தெரிந்தது. "அண்ணே, அண்ணே" என்று நான் கத்திய கத்தலில் நோயாளிகள் எழுந்து வந்துவிட்டார்கள். எல்லோரும் மின்சாரக் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே இருந்தவர்களில் எனக்கு ஒருத்திக்குத்தான் அது கோளாறு இல்லை என்று தெரியும்.

நாற்பது நிமிடத்துக்குப் பிறகு மெக்கானிக் கையால் சுற்றி லிஃப்டை இறக்கிக் கதவைத் திறந்தார். அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கண் மூடியிருந்தது. இரண்டு கையும் முழங்காலில். நான் தொப்பி மாட்டி உட்காரவைத்த அதே மாதிரி. உயிர் இருந்தது. அவருக்கு அடி எதுவும் இல்லை. அவர் எதுவும் செய்துகொள்ளவில்லை. அன்று சாயங்காலம் வேலை முடிந்த பிறகு என்று முடிவு செய்திருந்தாராம்; அதைப் பிறகு நாலாவது மாடி மனநல டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். சட்டைப் பையில் மடித்த ஒரு தாள் இருந்தது. மேனேஜர் பிரித்தார். பாதிக்கு மேல் மகளுக்கு எழுதியது. அதை மேனேஜர் படிக்காமல் மடித்துவிட்டார். கடைசியில் இரண்டே வரியைத்தான் உரக்கப் படித்தார். "லிஃப்ட் ரூம் சாவி வாட்ச்மேன் டப்பாவுல கீது. மூணாவது மாடி சிஸ்டர் கொடை ஸ்டூலுக்கு அடில கீது, மறக்காம குட்த்துடுங்க." மழைக்காலத்தில் அவருக்குக் கொடுத்த குடை. நானே மறந்திருந்தேன். அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அன்றைக்கே டாக்டரிடம் கோட்டைப் பற்றிச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. "நானும் அந்தப் புள்ளியை ஒரு தட்டுல எடுத்துப் போட்டேனேக்கா" என்று மட்டும் சொன்னார். பிறகு அசல் தாளை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். அலைகள் தனி ஆளைப் பற்றிப் பேசாது என்று அவர் சொன்னாரே, தனி ஆளைப் பேசவைப்பதற்கென்று இருந்தது அந்த ஒரு தாள்தான். அதன் வாயைத்தான் நான் அடைத்திருந்தேன்.

அண்ணனுக்கு வைத்தியம் நடக்கிறது. மாத்திரை சாப்பிடுகிறார், மாதம் இரண்டு முறை நாலாவது மாடிக்குப் போகிறார். லிஃப்டில் தனியாக உட்கார வேண்டாம் என்று வாசலில் டோக்கன் கொடுக்கும் மேஜையில் போட்டிருக்கிறார்கள். லிஃப்டை இப்போது அவரவர் ஓட்டிக்கொள்கிறோம். காலி ஸ்டூல் அதற்குள்ளேயே இருக்கிறது, யாரும் அதில் உட்காருவதில்லை. டோக்கன் மேஜையிலிருந்து மறுபடியும் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. முன்பெல்லாம் அந்தச் சிரிப்பைக் கேட்டால் எனக்கு நிம்மதி. இப்போது அவர் அதிகமாகச் சிரிக்கிற நாளில் எனக்கு வேலை ஓடுவதில்லை. ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு கீழே இறங்கிப் பார்த்துவிட்டு வருவேன். ஒருநாள் துணிந்து, என்னதான் காரணம் அண்ணே என்று கேட்டேன். "காரணம் இன்னான்னு சொல்றது சிஸ்டர்? காரணம்னு ஒண்ணு இருந்தா அத்தோட சண்ட போட்டு வெரட்டிகினு இருக்க மாட்டனா?" என்றார்.

போன மாதம் அவரே சம்மதித்து இரண்டாவது பதிவுக்கு வந்தார். மத்தியானம், அதே சாய்வு நாற்காலி. எல்லோரும் அவர் தேறிவிட்டார் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். மகள் வீட்டுக்குப் போய் வருகிறார், எடை கூடியிருக்கிறது. வெளியே காத்திருந்தவர்களை வேறு நாளைக்கு மாற்றிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, ஒன்பது கேள்விகளையும் வாய்விட்டுக் கேட்க ஆரம்பித்தேன். ஒவ்வொன்றுக்கும் யோசித்துச் சொன்னார். தூக்கம், பாதி நாள் இல்லை. பசி, பரவாயில்லை. எட்டு டிக் அடித்தேன். ஒன்பதாவதைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

"அதெல்லாம் ஒண்ணியும் இல்ல சிஸ்டர். உன் ஸ்டைல்ல ஒரு கோடு போட்டு உடு."

லிஃப்டில் கேட்ட அதே சிரிப்பு. நான் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தேன். "அண்ணே, இன்னொரு தடவை கேக்கறேன்" என்று சொல்லி, கேள்வியை முதலிலிருந்து கடைசி வரை மறுபடியும் படித்தேன். படித்து முடித்து, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. கண்ணை மூடிக்கொண்டார். வெளியே யாரோ லிஃப்டுக்கு மணி அடித்தார்கள்.

"தெனமுந்தான். இன்னிக்குக் காலைல கூட" என்றார். "பஸ்ல வரும்போது."

நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் கையை நீட்டிப் போனை எடுத்து நாலாவது மாடி டாக்டரை உடனே வரச் சொன்னேன். பிறகு பேனாவைத் திறந்து கடைசிக் கட்டத்தில் டிக் அடித்தேன். அது கோணலாக விழுந்தது. அவர் கண்ணைத் திறந்து அந்த டிக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மேலிருந்து லிஃப்ட் இறங்கி வரும் சத்தம் கேட்டது.

"அன்னிக்கே சொல்லிடலாம்னுதான் சிஸ்டர் வந்து குந்துனேன்" என்றார். "நீ பேனாவ எடுத்துட்ட."

என் முழங்காலுக்குப் பக்கத்தில்தான் அந்தக் கோட்டின் நகல் கிடக்கும் இரண்டாவது இழுப்பறை இருந்தது.